க்ரோனோ ட்ரிகரை ஆக்‌ஷன் கேமாக்கினால் எந்த வழி நல்லது?

க்ரோனோ ட்ரிகருக்கு ரீமேக் வேண்டாம் என்று சொல்லும் ரசிகரை நான் இதுவரை பார்த்ததில்லை. எப்படிப்பட்ட ரீமேக் என்று கேட்டால்தான் சண்டை ஆரம்பிக்கிறது. 1995 மார்ச்சில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் மெஷினில் வந்த, காலத்தில் முன்னும் பின்னும் பயணம் போகிற கதை கொண்ட கேம். ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கிய சகாகுச்சி, டிராகன் குவெஸ்டை உருவாக்கிய யூஜி ஹோரி, டிராகன் பால் வரைந்த அகிரா டோரியாமா மூன்று பேரும் சேர்ந்து செய்தது. முப்பது வருஷம் தாண்டியும் யாங்கோனில் எங்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் போனில் அதை மறுபடியும் முதலிலிருந்து ஆடிக்கொண்டுதான் இருப்பார். ஒரு கேம் இவ்வளவு நாள் உயிரோடு இருந்தால் அதைத் தொடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும், அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழைய டர்ன்-பேஸ்டு ஆர்பிஜியை, அதாவது முறை வைத்து அடித்துக்கொள்கிற கதை கேமை, இன்றைக்கு ரீமேக் செய்பவர்கள் முன்னால் இருப்பது மூன்று வழி. சண்டை முறையை அப்படியே வைத்துக்கொண்டு படத்தை மட்டும் புதிதாக வரைவது ஒன்று. கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கிற மெனுவையே தூக்கிப் போட்டுவிட்டு முழு ஆக்‌ஷனாக மாற்றுவது இன்னொன்று. ஆக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து கட்டளை கொடுக்கிற கலப்பு முறை மூன்றாவது. என் கட்சி மூன்றாவது, ஆனால் அதை இப்போது செய்கிற மாதிரியே க்ரோனோவுக்கும் செய்தால் வீணாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தச் சண்டை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். அந்தக் காலத்து ஆர்பிஜிகள் பெரும்பாலானவற்றில் நடந்து போகும்போது திரை ஒரு சுழற்று சுழற்றி உங்களைத் தனியாக ஒரு சண்டைத் திரைக்குக் கொண்டுபோகும். க்ரோனோவில் அது கிடையாது. காட்டுக்குள் நடக்கிறீர்கள், புதருக்குள்ளிருந்து எதிரி எட்டிப் பார்க்கிறான், அதே இடத்தில், அதே மரத்தடியில் சண்டை தொடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு நேரப் பட்டை நிரம்பும், நிரம்பியதும் அவரவர் அடிக்கலாம். எதிரிகள் சும்மா நிற்கமாட்டார்கள், அங்கும் இங்கும் நடப்பார்கள். கதாநாயகன் க்ரோனோவின் சுழல் வெட்டு ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரையும் வெட்டும், கூட்டாளி லுக்காவின் தீ ஒரே கோட்டில் நிற்பவர்களை எரிக்கும். ஆகவே பட்டை நிரம்பிவிட்டது என்பதற்காக உடனே அடித்தால் ஒருவன்தான் விழுவான், ஒரு மூச்சு பொறுத்தால் இரண்டு பேர் ஒன்றாக வந்து நிற்பார்கள். அதற்கும் மேலே, க்ரோனோ லுக்கா இரண்டு பேருக்கும் பட்டை நிரம்பியிருந்தால் இருவரும் சேர்ந்து ஒரே அடியாக நெருப்புச் சுழல் போடலாம். மூன்று பேரும் சேர்ந்து போடும் அடிகளும் உண்டு. அப்படியானால் க்ரோனோ தயாராக இருந்தும் அவனை நிறுத்திவைத்து லுக்காவுக்காகக் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் எதிரி அடிப்பதை வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

என் சித்தி பையன் போனில் அணியாகச் சேர்ந்து ஆடுகிற வேகமான சண்டை கேமான மொபைல் லெஜண்ட்ஸ் ஆள், விரல் நிற்காது. நான் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, க்ரோனோதான் ரெடியா நிக்கிறானே, அடிக்காம எதுக்கு வச்சிருக்கீங்க?"

"லுக்காவுக்கு நிரம்பட்டும்டா. கொஞ்சம் பொறு."

நடுவில் ஒரு அடி விழுந்தது, அவன் தலையில் கை வைத்தான். அப்புறம் மூன்று எதிரிகளும் ஒரே பக்கமாக நகர்ந்து வந்ததும் நெருப்புச் சுழலைப் போட்டேன், மூன்றும் காலி. "இன்னொரு சண்டைல இதே மாதிரி பண்ணுங்கண்ணே" என்றான். அந்தப் பொறுமைதான் இந்த கேமின் சண்டை. எந்த ரீமேக் வந்தாலும் 'இப்போதே அடிக்கவா, கூட்டாளிக்காகக் காத்திருக்கவா' என்ற கேள்வி அதில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, முதல் வழி. சண்டையைத் தொடாமல் படத்தைப் புதுப்பிப்பது. இதற்கு நல்ல உதாரணம் 2024 நவம்பரில் வந்த டிராகன் குவெஸ்ட் 3. 1988இல் வந்த கேமின் மெனு சண்டையை அப்படியே வைத்து, பிக்சல் பொம்மைகளை முப்பரிமாண உலகத்துக்குள் நிறுத்தி, ஒளியும் நிழலும் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் சூப்பர் மாரியோ ஆர்பிஜியும் அப்படித்தான் வந்தது, பழைய சண்டை முறையை வைத்துக்கொண்டு மூன்று பேர் சேர்ந்து அடிக்கிற புதிய அடிகளை மட்டும் சேர்த்தார்கள். இந்த வழியில் ஆபத்து குறைவு. பழைய ரசிகர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சாதாரண மெஷினிலும் ஓடும், அது எங்களைப் போன்ற இடங்களில் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் க்ரோனோவுக்கு இது போதாது என்று நினைக்கிறேன். அசலிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. வட்டத்துக்குள் அடிக்கிறது, கோட்டில் அடிக்கிறது என்று எல்லாமே யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை நம்பித்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் ஆட்களை நீங்கள் ஒரு அடிகூட நகர்த்த முடியாது. எதிரி தானாக நகர்ந்து வந்து வாகாக நின்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. லுக்காவை இரண்டு அடி இடது பக்கம் நிறுத்தினால் மூன்று பேரும் ஒரே கோட்டில் வந்துவிடுவார்கள் என்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1995இல் அதைச் செய்ய முடிந்த அளவுக்குச் செய்தார்கள். இன்றைக்கும் அதே ஓட்டையோடு புதுப் படம் போட்டு முழு விலைக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் அந்தப் பழைய கேம் நின்டெண்டோவின் கைக்கருவியான டிஎஸ்ஸில் 2008லும், பிறகு போனிலும், 2018இல் கம்ப்யூட்டருக்கான ஸ்டீம் கடையிலும் வந்துவிட்டது. ஆடவேண்டும் என்று நினைப்பவருக்கு அசல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. டிராகன் குவெஸ்ட் 3இல் இந்தப் பிரச்சினை கிடையாது, அங்கே எதிரிகள் எதிரே வரிசையாக நிற்பார்கள், நகர்வதற்கே ஒன்றும் இல்லை, அதனால் மெனு அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

இரண்டாவது வழி முழு ஆக்‌ஷன். இதற்குச் சொல்லப்படும் காரணம் எல்லாருக்கும் தெரியும்: இளைஞர்களுக்கு மெனு பிடிக்காது, பட்டனை அமுக்கினால் உடனே வாள் வீச வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 16 அந்தப் பாதையில் போனது, 2023 ஜூனில் வந்தது, டெவில் மே க்ரை 5இல் வேலை செய்த ரியோடா சுசுகியைச் சண்டைக்கு இயக்குநராகப் போட்டார்கள், அடிகளும் காம்போக்களும் பார்க்க அவ்வளவு அழகு. யாங்கோனில் இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இங்கே பையன்கள் வேகத்தில் வளர்ந்தவர்கள். 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில் பர்மீஸ் கூல்ஸ் அணி இறுதிப் போட்டி வரை போய் இரண்டாவதாக வந்தது, ஏழாவது ஆட்டம் வரை இழுத்துத்தான் தோற்றார்கள். அந்தத் தலைமுறைக்குப் பட்டை நிரம்பும்வரை பொறு என்று சொன்னால் கேட்பார்களா என்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் கேட்கிறார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 16 வந்து இரண்டு மாசம்கூட ஆகாத நிலையில் பல்தூர்ஸ் கேட் 3 வந்தது, சுத்தமான டர்ன்-பேஸ்டு, அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருது அதற்குத்தான். 2025 ஏப்ரலில் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்திலிருந்து ஒரு சின்ன ஸ்டூடியோ எக்ஸ்பெடிஷன் 33 என்ற கேமை வெளியிட்டது. அதுவும் டர்ன்-பேஸ்டுதான், எதிரி அடிக்கும்போது மட்டும் சரியான நொடியில் பட்டனை அமுக்கித் தடுக்க வேண்டும். மூன்று நாளில் 10 லட்சம் பிரதிகள் போயின, 2025இன் சிறந்த கேம் விருதையும் தட்டிக்கொண்டு போனது. இன்னொன்றும் சொல்கிறேன். 2020இல் ஃபைனல் ஃபேன்டஸி 7 டர்ன் முறையை விட்டு ஆக்‌ஷன் பக்கம் வந்த அதே வருஷம், முழு அடிதடி கேமாக இருந்த யாகுசா வரிசை லைக் எ டிராகன் என்ற பெயரில் டர்ன்-பேஸ்டு பக்கம் போனது, போய் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. ஆக மெனு இருந்தால் விற்காது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, முழு ஆக்‌ஷனில் கூட்டாளிகள் காணாமல் போய்விடுவது. நீங்கள் ஓட்டுவது ஒருவனை, மற்ற இரண்டு பேர் பின்னால் ஓடிவந்து தோன்றியபடி அடித்துக்கொண்டிருப்பார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 16இல் கூட வருபவர்களுக்கு நீங்கள் எதுவுமே சொல்ல முடியாது, கூடவே வரும் நாய்க்கு மட்டும்தான் கட்டளை. 1995இலேயே வந்த ட்ரையல்ஸ் ஆஃப் மானாவை 2020இல் முப்பரிமாணத்தில் ரீமேக் செய்தார்கள், குதிப்பதும் விலகுவதும் சேர்த்து நன்றாகவே வேகமாக்கினார்கள், ஆனால் அசலில் பக்கத்தில் இன்னொருவர் கன்ட்ரோலர் பிடித்துச் சேர்ந்து ஆடியது ரீமேக்கில் இல்லாமல் போனது. முழு ஆக்‌ஷன் மாற்றம் மிகச் சரியாக அமைந்தது என்று நான் சொல்வது ஃபால்காம் கம்பெனியின் ஈஸ் 3தான். 1989இல் பக்கவாட்டில் ஓடுகிற கேமாக இருந்ததை 2005இல் மேலிருந்து பார்க்கிற வேகமான ஆக்‌ஷனாக மாற்றினார்கள், பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு வரும் சண்டைகள் ஒவ்வொன்றும் கை வியர்க்க வைக்கும். அங்கே ஏன் பலித்தது என்றால் கதாநாயகன் ஆடோல் தனி ஆள், அசலிலும் ஆக்‌ஷன்தான். இழப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. க்ரோனோவில் ஏழு பேர். அவர்களில் யார் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கையில் இருக்கும் கூட்டு அடிகளே மாறும்.

ஆதிகாலத்தில் வரும் நிஸ்பெல் என்ற டைனோசர் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோல் கல், எதுவும் ஏறாது. மின்னல் அடித்தால் தோல் இளகும், அப்போது அடிக்கலாம். ஆனால் வாங்கிய மின்சாரத்தை அது கொஞ்ச நேரத்தில் எல்லார் மேலும் திருப்பிக் கொட்டும். மின்னலை எப்போது அடிப்பது, அதற்குமுன் யாருக்கு உயிர் ஏற்றுவது, இளகிய அந்த நேரத்துக்குள் கூட்டு அடிக்கு யாரைத் தயாராக வைப்பது, இத்தனையும் யோசிக்க வேண்டும். இதையே முழு ஆக்‌ஷனில் செய்தால் அது ஒரு பெரிய மிருகம் கொட்டுவதற்குள் உருண்டு விலகு என்கிற சண்டையாகிவிடும். நல்ல சண்டையாகவும் இருக்கலாம், ஆனால் அப்படிப்பட்ட சண்டை வேறு நூறு கேமில் கிடைக்கும்.

இப்போது மூன்றாவது வழி. ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் 2020 ஏப்ரலில் வந்தபோது கலப்பு முறை என்றால் என்ன என்பது எல்லாருக்கும் புரிந்தது. க்ரோனோ ட்ரிகரின் மூன்று இயக்குநர்களில் ஒருவரான யோஷினோரி கிடாசேதான் அந்த ரீமேக்கின் தயாரிப்பாளர், ஆகவே இரண்டுக்கும் ரத்த சம்பந்தமே உண்டு. ஓடலாம், வாளால் வெட்டலாம், தடுக்கலாம், அடிக்க அடிக்கப் பட்டை நிரம்பும், நிரம்பியதும் மெனுவைத் திறந்தால் உலகம் கிட்டத்தட்ட உறைந்து நிற்கும், நிதானமாக மந்திரமோ மருந்தோ தேர்ந்தெடுக்கலாம். கூட்டாளிக்கும் அதே இடத்திலிருந்து கட்டளை கொடுக்கலாம். 1997 கேமின் முதல் பாஸான தேள் இயந்திரம், அசலில் வாலைத் தூக்கினால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், மீறி அடித்தால் லேசர். ரீமேக்கில் அதே தேள் வாலிலிருந்து லேசர் சுடும்போது மேலேயிருந்து விழுந்து கிடக்கும் இடிபாடுகளுக்குப் பின்னால் ஓடி ஒளிய வேண்டும், அது நின்றதும் வெளியே வந்து கூட்டாளி பாரெட்டை மின்னல் மந்திரம் போடச் சொல்ல வேண்டும். 'இப்போது அடிக்காதே' என்ற பழைய விதி உடம்பால் செய்கிற வேலையாக மாறியிருக்கிறது. அந்த ஒரு சண்டையை வைத்தே கலப்பு முறையால் எதைச் சாதிக்கலாம் என்று காட்டிவிடலாம்.

குறையும் இருக்கிறது. நீங்கள் ஓட்டாத ஆளின் பட்டை மெதுவாகத்தான் நிரம்பும், எதிரிகளும் பெரும்பாலும் நீங்கள் ஓட்டுகிற ஆள் மேலேயே விழுவார்கள், ஆகவே ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். க்ரோனோவுக்கு இதில் உள்ள பெரிய சிக்கல் என்னவென்றால் ஃபைனல் ஃபேன்டஸி 7இல் பட்டையை நிரப்புவதே அடிதான், சும்மா நிற்பவனுக்கு நஷ்டம். க்ரோனோவில் நேரம்தான் நிரப்ப வேண்டும். நல்ல இடம் பார்த்து நகர்ந்து, அடிக்காமல் நின்று, லுக்காவுக்கும் நிரம்பட்டும் என்று பொறுத்திருப்பவனுக்குப் பலன் கிடைக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் ரீபர்த் இதில் ஒரு படி முன்னால் போனது: இரண்டு பேர் சேர்ந்து அடிக்கிற அடிகள் வந்தன, இருவரும் தனித்தனியாகக் கட்டளைகளைப் பயன்படுத்தியிருந்தால்தான் அவை திறக்கும். அதைப் பார்த்ததும் க்ரோனோவும் தவளை வீரனும் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்து வெட்டுகிற அடிதான் என் கண் முன்னால் வந்தது. கதவு திறந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும். இருவரும் எதிரியின் இரண்டு பக்கமும் வாகாக நின்றால் குறுக்கு வெட்டு, ஒரே கோட்டில் நின்றால் நெருப்புச் சுழல் என்று இடத்தையும் கூட்டையும் இணைத்துவிட்டால் நான் மேலே சொன்ன அசலின் ஓட்டையும் அடைபடும். மெனு திறந்தால் மெதுவாவதோடு விடாமல் முழுசாக நிற்கவும் ஒரு வசதி வேண்டும், அசலிலேயே தேர்ந்தெடுக்கும்போது நேரம் நிற்கிற முறை, நிற்காத முறை என்று இரண்டும் இருந்தது.

ஃபைனல் ஃபேன்டஸி 7இலிருந்து எடுக்கவே கூடாதது ஒன்று, பாகம் பிரிப்பது. 1997இல் மூன்று சிடியில் முடிந்த கதையை மூன்று தனி கேமாக்கினார்கள். 2020இல் ஒன்று, 2024இல் ஒன்று, மூன்றாவதுக்குக் காத்திருக்கிறோம். க்ரோனோவில் அது நடக்கவே நடக்காது. காலத்தின் முடிவு என்ற அந்த இடத்தில் ஒரு மூலையில் ஒரு வாளி இருக்கும், அதற்குள் இறங்கினால் நேராக 1999ஆம் வருஷம், கடைசி எதிரி லாவோஸ் எதிரே. கதை பாதியில் இருக்கும்போதே போகலாம், போய் ஜெயித்தால் அந்த நேரத்துக்கு ஏற்ற ஒரு தனி முடிவு கிடைக்கும். ஒரு தடவை முடித்துவிட்டு வாங்கிய பலத்தோடு திரும்ப ஆரம்பித்து ஒவ்வொரு கட்டத்திலும் போய் ஒவ்வொரு முடிவைப் பார்ப்பதுதான் அந்த கேமின் பாதி இன்பம். முதல் பாகத்தில் வாளியை வைக்க முடியுமா? வைக்காவிட்டால் அது க்ரோனோவா? 20, 25 மணி நேரத்தில் முடிகிற கேம், ஒரே வட்டில் ஒரே கேமாகவே வரட்டும், நூறு மணி நேரத்துக்கு இழுக்க வேண்டாம்.

ரசிகர்களே செய்துகொள்வது என்ற வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. ரெசரெக்‌ஷன் என்ற பெயரில் ஒரு குழு முப்பரிமாணத்தில் செய்துகொண்டிருந்ததை 2004இல் க்ரோனோவின் உரிமையை வைத்திருக்கும் ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி நோட்டீஸ் அனுப்பி நிறுத்தியது. உழைப்பெல்லாம் அப்படியே போனது.

இங்கிருந்து பார்க்கிறவனுக்கு இன்னும் இரண்டு கணக்கு இருக்கிறது. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் பாஸ் சண்டையின் நடுவில் திரை அணைந்தால் என்ன ஆகும் என்பதும் கேமின் தரத்தில் சேர்த்திதான். ஆக்‌ஷன் கலந்த பெரிய கேம்களுக்குப் பெரிய மெஷின் வேண்டும், ரீபர்த்துக்கு மட்டுமே 150 ஜிபி அளவுக்கு இடம் வேண்டும், அதை இங்கே டேட்டா போட்டு இறக்குவதற்குள் கையில் இருக்கிற கியாட் கரைந்துவிடும். வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் மணிக்கணக்கில் காசு கொடுத்து பிளேஸ்டேஷன் கடையில்தான் ஆடுகிறார்கள், ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும் என்றால் ஆக்‌ஷன் கேம் தோதுதான், அதை மறுக்கவில்லை, நாலு சண்டை போட்டுவிட்டுத் திருப்தியாக எழுந்து வரலாம். ஆனால் கதையோடு ஒட்டிப்போக வேண்டிய கேமை அப்படி ஆட முடியாது. போனில் க்ரோனோவை ஆடுகிறவர்கள் இங்கே இவ்வளவு பேர் இருப்பதற்கு ஆட்டோ சேவ் ஒரு பெரிய காரணம், விளக்கு போனாலும் போன் ஓடும், பஸ்ஸில் இறங்கும்போது அப்படியே மூடிவிடலாம். ரீமேக் எந்த வழியில் வந்தாலும் சண்டைக்கு முன்னால் தானாக சேவ் ஆகவேண்டும், சாதாரண மெஷினில் ஓட ஒரு குறைந்த தர அமைப்பும் வேண்டும். ரீமேக் எடுப்பவர்கள் டோக்கியோவில் உட்கார்ந்து இதை யோசிக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

ஆக என் வரிசை இதுதான். பட்டையை நேரம் நிரப்புகிற, ஆட்களை நகர்த்த முடிகிற, கூட்டு அடிக்காகக் காத்திருப்பதற்குப் பலன் தருகிற கலப்பு ரீமேக், ஒரே கேமாக, வாளியோடு. அது வந்தால் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குவேன். அப்படிச் செய்யத் துணிவில்லை என்றால் டிராகன் குவெஸ்ட் 3 மாதிரி சண்டையைத் தொடாமல் படத்தை மட்டும் புதுப்பிக்கட்டும், விலை இறங்கியதும் வாங்கிக்கொள்கிறேன். முழு ஆக்‌ஷனாக வந்தால் சித்தி பையன் வாங்கட்டும், அவன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், நான் போனில் இருக்கிற பழையதையே ஆடிக்கொள்வேன்.